தொப்பைக்கு நான் போட்ட ‘ஏ’

பக்கத்து மேசை பத்மாவுக்கு டெங்கு வந்து ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு நானும் மனைவியும் பார்க்கப் போனோம். திரும்பி வரும்போது காரில் மனைவி கேட்டாள்: “ஆஸ்பத்திரி படி ஏறுறப்ப விசிலடிச்சீங்களே, எதுக்கு?”

விசிலடித்தது எனக்குத் தெரியாது. ஆனால் எதற்கு என்பது தெரியும். அடுத்த இரண்டு வாரங்களுக்கு ஆலைக் கூட்டங்களில் பத்மாவின் பெயர் அடிபடாது. மூத்த ஆய்வாளர் என்று மேசையில் பெயர்ப்பலகை வைத்திருந்த, ஐம்பத்திரண்டு வயதான, இரண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்ட ஒரு மனிதன் அதற்காக விசிலடித்தான்.

அழுத்தக் கலன்களைச் சோதிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்குப் பயன்படும்படி என் பணி அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். முதலில் என் சாதனைகளை ஒரு தாளில் பட்டியல் போட்டேன். ஏழு வந்தன. திரும்பப் படித்துப் பார்த்ததில் நான்கு பத்மா செய்தவை. ஆகவே சாதனையை விட்டுவிட்டு, முழுக்க முழுக்க எனக்கே சொந்தமான ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் ஆலை ஜொகூரின் தென்கரையில் இருக்கிறது. செம்பனை எண்ணெயைப் பிரித்து, சோப்புக்கும் மெழுகுவர்த்திக்கும் முகப்பூச்சுக்கும் போகிற சரக்குகளைச் செய்யும் இடம். அங்கே நூற்றுக்கணக்கான கலன்கள். உள்ளே நீராவி, கொதிநீர், சூடான எண்ணெய். அவை வெடிக்காமல், பிய்த்துக்கொள்ளாமல், கசியாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பது நம் வேலை. நன்றாகச் செய்தால் எதுவுமே நடக்காது. எதுவும் நடக்காததற்கு யாரும் கை தட்டுவதில்லை. பொறாமைக்காரனுக்கு இதைவிட மோசமான தொழில் அமையாது.

என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து ரயில்வேயில் குமாஸ்தா ஆனவர். அப்பாவும் அதே ரயில்வேயில் குமாஸ்தா. எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தால் பொறுத்துக்கொள்வார்கள்; கடிதத்தில் ஒரு கமா குறைந்தால் சாப்பாடு இறங்காது. அந்த ரத்தம்தான் எனக்கும். என் ஆய்வறிக்கைகள் அழகானவை. முன்னுரை இருக்கும், பின்புலம் இருக்கும், முடிவுரையில் ஒரு நிதானம் இருக்கும். சில அறிக்கைகளை வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவிக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். அவள் கேட்டுக்கொண்டே கீரை ஆய்வாள்.

பத்மா, சாஆ என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தவர். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவருடைய அறிக்கை எப்போதும் ஒன்றரைப் பக்கம். என்ன பார்த்தேன், என்ன பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்த இரண்டாவது பாதியை, ‘பார்க்கவில்லை’ என்ற பாதியை, அவர் எழுதுகிற லட்சணம் எனக்குக் கூச்சமாக இருக்கும். விருந்தாளி வந்த வீட்டில் அழுக்குத் துணிக் கூடையை ஹாலில் கொண்டுவந்து வைத்த மாதிரி.

அவர் வந்த மூன்றாம் மாதம், என் பழைய அளவுகளையெல்லாம் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு நீராவிக் குழாயின் சுவர்த் தடிமன், ஆண்டுக்கு ஒருமுறை அளந்தது. திடீரென்று நாற்காலியைச் சுழற்றினார்.

“அண்ணே, இந்தக் குழாய்க்கு நீங்க என்ன சாப்பாடு போடுறீங்க?”

“ஏன்?”

“மூணு வருஷமா வளர்ந்துக்கிட்டே இருக்கே.”

அறையில் இருந்த ஆறு பேரும் திரும்பினார்கள். திரையில் என் குழாய், ஆண்டுக்கு ஆண்டு தடித்து, ஆரோக்கியமாக நின்றது. இரும்பு தேயும், வளராது. அளந்த டெக்னீஷியன் பெயிண்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே கருவியை வைத்திருக்கிறார். ஆண்டுதோறும் பெயிண்ட் ஏற ஏற, குழாயும் சதை போட்டிருக்கிறது. அதற்குக் கீழே மூன்று ஆண்டும் நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். கையெழுத்தும் ஆண்டுக்கு ஆண்டு அழகாகிக்கொண்டு வந்திருந்தது.

பத்மா அதில் குத்திக்காட்ட எதுவும் வைத்திருக்கவில்லை. சிரித்தார், தவறைக் குறித்தார், அடுத்த குழாய்க்குப் போனார். நான் மட்டும் அந்த அறையிலேயே, அந்தச் சிரிப்பிலேயே, ஒன்பது ஆண்டு உட்கார்ந்திருந்தேன்.

பழைய கதைகளில் பொறாமை கொண்டவர்கள் படை திரட்டுவார்கள். நான் அறிக்கைக்கு வண்ண அட்டை போட ஆரம்பித்தேன்.

*

பிறகு ஆலையில் ‘ஆர்பிஐ’ வந்தது. அபாயத்தை வைத்து ஆய்வு செய்கிற முறை. எல்லாக் கலன்களையும் ஒரே இடைவெளியில் திறந்து பார்ப்பதற்குப் பதிலாக, ஒவ்வொன்றைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். இது உடைய எவ்வளவு வாய்ப்பு? உடைந்தால் எவ்வளவு கேடு? பதில்களைப் பொறுத்து, ஒரு கட்டம் போட்ட தாளில் கலனுக்கு ஓர் இடம் கிடைக்கும். சிவப்புக் கட்டத்தில் விழுந்தால், பராமரிப்புக்காக ஆலையை நிறுத்துகிற அடுத்த ஷட்டவுனில் கட்டாயம் திறக்க வேண்டும். பச்சை என்றால் இன்னும் சில ஆண்டு நிம்மதியாக ஓடலாம். எங்கள் ஆலையில் ஒரு படி மேலே போய், கலன்களின் மேலேயே அந்த வண்ணத்தில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. போன முறை நடந்த ஆய்வை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் ஒரு தரம் உண்டு. ஏ முதல் ஈ வரை. ஏ என்றால் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாயிற்று. ஈ என்றால் பார்க்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். சிவப்பில் இருக்கும் கலனை ஒரு நல்ல ஏ பச்சைக்குக் கொண்டுவந்துவிடும். அந்தத் தரத்தைச் சொல்ல வேண்டியவர் யார்? ஆய்வு செய்தவரே. பரீட்சை எழுதியவனிடமே சிவப்புப் பேனாவைக் கொடுக்கும் முறை இது. நல்ல மனிதர்களுக்காகச் செய்த முறை. செய்தவர்கள் என்னைச் சந்தித்ததில்லை.

கூட்டம் நடந்தது. தலைமையில் ஆலை மேலாளர் ஹலிம்; மலாய் மரியாதைப்படி எங்களுக்கு என்சிக் ஹலிம். பத்மாவின் முறை. கொதிகலனுக்குத் தண்ணீர் அனுப்பும் பெரிய தொட்டி ஒன்று. அதற்குள் அவர் இரண்டு நாள் இறங்கிக் கிடந்து, தகடுகளைப் பற்றவைத்த இடங்களை ஒவ்வொரு பற்றாகச் சோதித்தது எல்லோருக்கும் தெரியும்.

“என்ன தரம், பத்மா?”

“சி.”

“சி-யா? ரெண்டு நாள் உள்ளே இருந்தீங்களே?”

“ஏணிக்குப் பின்னால ஒரு பற்று இருக்கு, என்சிக். கை எட்டல. அங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. சி போடுங்க.”

என்சிக் ஹலிம் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் பாராட்டப் போகிறார் என்று அர்த்தம். அந்தக் கண்ணாடி எனக்காகக் கழன்றதே இல்லை. “பாகுஸ்,” என்றார். நல்லது என்பதை அவர் அப்படித்தான் இழுத்துச் சொல்வார். “இந்தப் பெண் தெரியாதுன்னு சொல்றாங்க பாருங்க. அதனாலதான் இவங்க தெரியும்னு சொல்றப்ப நான் தூங்கப் போயிடுறேன்.”

அடுத்தது என் கலன்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூடான நீரும் நீராவியும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும், நான்கு ஆள் உயரக் கலன். சுற்றிலும் வெப்பம் போகாமலிருக்க கம்பளி மாதிரி இன்சுலேஷன்; அதற்கு மேலே அலுமினியத் தகட்டுச் சட்டை. எப்போதோ ஃபோர்க்லிஃப்ட் இடித்து, தகடு நடுவில் பிதுங்கிக்கொண்டிருந்ததால் வேலையாட்கள் அதற்குத் ‘தொப்பை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்த மாதிரிக் கலன்களுக்கு எதிரி வெளியே இருக்கிறது. தகட்டில் சின்ன இடைவெளி இருந்தால் போதும்; நம் ஊர் மழை உள்ளே இறங்கி, கம்பளியில் ஊறி, கதகதப்பான இரும்பை மூடிய இருட்டுக்குள் வைத்தே தின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தகடு பளபளக்கும்.

போன ஷட்டவுனில் தொப்பையை ஆய்வு செய்தவன் நான். வடக்குப் பக்கம் வேறொரு வேலைக்காகச் சாரம் கட்டியிருந்தார்கள். அதில் ஏறி, தகட்டை ஆறு இடத்தில் ஜன்னல் மாதிரி வெட்டிப் பார்த்தேன். ஆறும் சுத்தம். தெற்குப் பக்கத்துக்குச் சாரம் கேட்க வேண்டும். மழை இருட்டிக்கொண்டு வந்தது. அன்று வெள்ளிக்கிழமை, கெலாங் பாத்தா வரை கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும். வடக்கில் சுத்தமாக இருக்கிற கலன் தெற்கில் மட்டும் ஏன் துரோகம் செய்யப் போகிறது என்று முடிவுக்கு வந்து வீட்டுக்குப் போனேன். மறுநாள் பதினோரு பக்கம் எழுதினேன். தெற்கு என்ற சொல் அதில் இல்லை.

“தொப்பை... மன்னிக்கணும், இருநூற்று நாலாம் கலன். என்ன தரம்?”

ஒரு கணம் கணக்குப் போட்டேன். இரண்டு நாள் உள்ளே இறங்கிக் கிடந்தவர் சி என்றால், ஆறு ஜன்னலில் எட்டிப் பார்த்தவனுக்கு டி. அதை அவருக்கு அடுத்த நிமிடமே, அதே மேசையில், அந்தக் கண்ணாடி இன்னும் கையிலேயே இருக்கும்போது, சொல்ல வேண்டும்.

“ஏ,” என்றேன்.

“ஏ?”

“பதினோரு பக்க அறிக்கை இருக்கு, என்சிக்.”

யாரும் அந்தப் பதினோரு பக்கத்தைப் படித்ததில்லை. கனத்தை மட்டும் கையில் வாங்கிப் பார்த்திருந்தார்கள். தொப்பை சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்தது. மறுநாள் நானே போய், அதன் வயிற்றில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஜெயித்த பிறகும் எரிந்தது. அடுத்த இரண்டு ஆண்டும் ஆலையில் எல்லோரும் பத்மாவின் சிவப்புகளைப் பற்றியே பேசினார்கள். அவருடைய சிவப்புகளுக்குத்தான் ஆள், சாரம், நேரம். என் பச்சைகளை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கூட்டங்களில் அவர் பெயர் எத்தனை முறை வருகிறது என்று குறிப்பேட்டு ஓரத்தில் கோடு போட ஆரம்பித்தேன். ஒரு புதன்கிழமை பதினேழு. அளவெடுப்பதில் என் வாழ்நாளில் நான் செய்த துல்லியமான வேலை அதுதான்.

*

அடுத்த ஷட்டவுன் வந்தது. ஆலை நின்றது. பத்மாவின் தொட்டியைத் திறந்து, ஏணியை வெட்டி எடுத்து, அந்த எட்டாத பற்றைச் சோதித்தார்கள். ஒன்றுமில்லை. சின்னக் கீறல்கூட இல்லை.

அன்று நான் கேன்டீனில் கூட்டமாக இருந்த மேசையாகப் பார்த்து உட்கார்ந்தேன். “பாவம், ஏணிய வேற அறுத்துட்டாங்க” என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன். பத்மா தே தாரிக் கோப்பையோடு வந்து அதே மேசையில் அமர்ந்தார்.

“சுத்தமா இருந்துச்சாமே?” என்றேன், துக்கம் விசாரிக்கிற குரலில்.

“ஆமாண்ணே! நிம்மதி. இப்ப தெரிஞ்சுபோச்சு.”

அவருக்கு அதில் அவமானமே இல்லை. அவமானப்படத் தெரியாதவரைப் பார்த்துப் பொறாமைப்படுவது எவ்வளவு களைப்பான வேலை என்பதைச் செய்து பார்த்தவர்களே அறிவார்கள்.

அதே வாரம் ஓர் அறிவிப்பும் வந்திருந்தது. ஆய்வுப் பிரிவுத் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு ஆலைக்குள்ளிருந்தே ஆள் எடுப்பார்கள். இருவர்தான் தகுதியானவர்கள். இருவரும் ஒரே மேசையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தோம்.

ஷட்டவுன் முடிய மூன்று நாள் இருக்கும்போது, காலை பத்து மணிக்குத் தெற்கு வேலிப் பக்கம் நடந்தேன். காண்ட்ராக்ட் ஆட்கள் தேநீர் குடிக்கும் கொட்டகை அங்கே இருந்தது. சாரம் கட்டுவதும் இன்சுலேஷன் போடுவதும் ஆறுமுகத்தின் குழு. காஹாங்கிலிருந்து வந்தவர், வாய் ஓயாதவர்.

“வாங்க சார், ஒரு கோப்பி?”

“இங்கதான் உக்காருவீங்களா?”

“வருஷம் பூரா இங்கதான். ஆலை ஓடுறப்பவும் இங்கதான். நெழல் இருக்குல்ல. அதோ, நம்ம தொப்பை குடுக்குற நெழல்.” கையிலிருந்த பிஸ்கட்டால் காட்டினார். “பாவம், ரொம்ப நாளா அழுவுது.”

திரும்பினேன். இருபதடி தூரத்தில் தொப்பையின் தென்பக்கம். நான் அதைப் பார்ப்பது அதுவே முதல் தடவை. தகட்டின் கீழ் மடிப்பிலிருந்து ஒரு பழுப்புக் கோடு வழிந்து, காய்ந்து, அதன் மேல் இன்னொன்று வழிந்து காய்ந்திருந்தது. துரு கலந்த தண்ணீர். வெற்றிலை போட்ட வாயைத் துடைக்காமல் விட்ட மாதிரி.

“எவ்வளவு நாளா?”

“ஒரு வருஷம் இருக்கும் லா.”

“யார்கிட்டயும் சொல்லலையா?”

ஆறுமுகம் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “எதுக்கு சார்? பச்சை ஸ்டிக்கர் இருக்கே. நீங்கதானே வந்து ஒட்டுனீங்க? பச்சைன்னா சார் பாத்துட்டார், பயமில்லைன்னுதானே அர்த்தம்?”

பெஞ்சில் எட்டுப் பேர் வரிசையாக, தொப்பைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வடை தின்றுகொண்டிருந்தார்கள்.

தம்பி தங்கைகளே, உடனே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நான் உட்கார்ந்து கோப்பி குடித்தேன். மூன்று நாளில் ஆலை ஓடத் தொடங்கும். இப்போது திறக்காவிட்டால் இன்னும் நான்கு ஆண்டு இந்தக் கலன் நிரம்பிய வயிற்றோடு இந்த முதுகுகளுக்குப் பின்னால் நிற்கும். திறக்க வேண்டுமானால் கூட்டத்தில் காரணம் சொல்ல வேண்டும். காரணம், என் ஏ. அதைச் சொன்னால் தலைவர் பதவி பத்மாவுக்கு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் ஒன்றே கால் மணி வரை யோசித்தேன்.

யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் புத்திசாலித்தனமான வழி.

பத்மா கன்டெய்னர் அலுவலகத்தில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்திருந்தார்.

“பத்மா, தொப்பை பக்கம் போனியா?”

“இல்லண்ணே. ஏன்?”

“இல்ல... உனக்கு அதுல ஒரு சந்தேகம்னு மீட்டிங்ல சொல்லேன். நீ சொன்னா என்சிக் ஹலிம் உடனே திறக்கச் சொல்லிடுவார்.”

“எனக்கு என்னண்ணே சந்தேகம்? நான் அதைப் பார்த்ததே இல்லையே.”

“பார்க்காததுனாலதான் சந்தேகம்னு...”

“நீங்க பார்த்தீங்கல்ல? ஏ தானே?”

நான் அவருடைய சம்பலைப் பார்த்தேன். அதில் நெத்திலிகள் கிடந்தன. எண்ணினேன்.

“தெக்குப் பக்கம் பார்த்தீங்களாண்ணே?”

“மழை வந்துச்சு.”

“ம்.”

“சாரமும் இல்ல.”

“ம்.” பொட்டலத்தை மூடி வைத்தார். “அண்ணே, நான் கேட்டா அது அடுத்தவங்க வேலை மேல நான் வெச்ச சந்தேகம். அதுக்கு ஃபார்ம் இருக்கு, ஆதாரம் கேப்பாங்க, நாலு நாள் இழுக்கும். அதுக்குள்ள ஆலை ஓடிடும். நீங்க சொன்னா ஒரு நிமிஷம். அந்த ஏ உங்களோடது லா. நாலு மணிக்கு மீட்டிங்.”

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடுமையாகச் சொல்லியிருந்தால் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அந்த வசதியையும் தரவில்லை.

அறைக்குப் போய் ஒரு வாக்கியம் தயாரித்தேன். “அண்மையில் தெரியவந்த சில தகவல்களின் அடிப்படையில், முன்பு வழங்கப்பட்ட தரநிலையை, முன்னெச்சரிக்கையாக, மறுபரிசீலனை செய்வது பொருத்தமாக இருக்கும்.” மூன்று கமா. என் அப்பா படித்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். தகவல் தெரியவந்தது, தரம் வழங்கப்பட்டது, எங்கேயும் ஆள் இல்லை. அதை முணுமுணுத்துக்கொண்டே, தெற்குப் பக்க வழியாக மீட்டிங் அறைக்கு நடந்தேன். வழியில் யாரோ குறுக்கே கம்பிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். காலைத் தூக்கித் தாண்டிப் போனேன்.

கூட்டம் முடியும் தறுவாயில் என்சிக் ஹலிம் கேட்டார்: “வேற ஏதாவது?”

எழுந்தேன். கையில் வாக்கியம் இருந்தது. வாயில் வந்தது வேறு.

“தொப்பையோட தென்பக்கத்தை நான் பார்க்கல.”

“யார் தொப்பை?” என்றார் என்சிக் ஹலிம். அவருக்கும் ஓரளவு தொப்பை உண்டு. மூலையில் யாரோ இருமினார்கள்.

“இருநூற்று நாலு, என்சிக்.”

“ஏ-ன்னு சொன்னீங்களே?”

“சொன்னேன்.”

“ஏன்?”

ஏன் என்றால்? இந்தம்மா சி என்றதால். உங்கள் கண்ணாடி கழன்றதால். “பெருமைக்கு,” என்றேன். “அது டி. அங்க இருபதடியில ஆளுங்க உக்கார்றாங்க. துருத் தண்ணி வழியுது. ஸ்டிக்கர் ஒட்டுனது நான். திறக்கணும்.”

என்சிக் ஹலிம் என்னையே பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். பதினைந்து ஆண்டு காத்திருந்த கண்ணாடி. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

“பத்மாவோட வேலை செஞ்சா எல்லாரும் இப்படி ஆயிடுறாங்க,” என்றார். “பாகுஸ், பத்மா.”

பத்மா குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

நான் வாழ்நாளில் செய்த ஒரே தைரியமான காரியம் அதே நிமிடத்தில் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டது. அன்றைக்கு அவர் பெயர் எத்தனை முறை வந்தது என்று கோடு போட எனக்குக் கை வரவில்லை.

ஆனால் வெளியே வந்தபோது ஒரு காட்சி கண்டேன். தொப்பையின் தென்பக்கம் சாரம் இரண்டாம் தட்டு வரை ஏறியிருந்தது. ஆறுமுகத்தின் ஆட்கள் மேலே பலகை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதன் உண்மையைப் பேசினால் உலகம் எத்தனை விரைவாக இயங்குகிறது என்று நினைத்து, ஹெல்மெட்டைச் சரிசெய்வதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தகட்டைப் பிரித்தார்கள். கம்பளி ஊறிப்போய், பிழிந்தால் பழுப்பாக வடிந்தது. கலனைச் சுற்றி, இன்சுலேஷனைத் தாங்குவதற்காக ஒரு வளையம் பற்றவைத்திருப்பார்கள். அதன் மேல் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. துரு அங்கே ரொட்டி சானாய் மாதிரி அடுக்கடுக்காக எழும்பியிருந்தது. ஆறுமுகம் கையால் தொட்டதும் ஓர் அடுக்கு கழன்று கீழே விழுந்தது. சுத்தம் செய்து டெக்னீஷியன் அளந்தார். எண்ணைப் பார்த்தார், கருவியைத் துடைத்தார், மறுபடி அளந்தார். அருகில் நான்கு இடத்தில் அளந்தார். பெயிண்ட் ஏதும் மிச்சமில்லை, குழப்பமும் இல்லை. சுவரில் மூன்றில் இரண்டு பங்கு போயிருந்தது.

ஆறுமுகம் சாரத்தின் மேலிருந்து கீழே கொட்டகையைப் பார்த்தார். அங்கிருந்து பெஞ்சு மிக அருகில் தெரிந்தது. “டேய்,” என்று கீழே கத்தினார், “அந்த பெஞ்ச எடுத்து அந்தாண்ட போடுங்கடா.” இத்தனைக்கும் கலன் அப்போது காலியாகத்தான் இருந்தது.

அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார்கள். ஷட்டவுன் ஐந்து நாள் நீண்டது. தலைமையகத்திலிருந்து வந்த தொலைபேசிகளை என்சிக் ஹலிம் காதிலிருந்து ஓரடி தள்ளிப் பிடித்துக் கேட்டார். பச்சை ஸ்டிக்கரை நானே சுரண்டி எடுத்தேன். நல்ல பசை, சுலபத்தில் வரவில்லை.

பிரிவுத் தலைவர் பதவி யாருக்குப் போனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் கையெழுத்தில் உங்களில் பலர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். அத்தோடு என் பொறாமை தீர்ந்தது என்று முடித்தால் இந்தக் கட்டுரை அழகாக இருக்கும். தீரவில்லை. அவருக்குக் கீழே ஆறு ஆண்டு வேலை பார்த்தேன். ஆறு ஆண்டும் லேசாக எரிந்துகொண்டே பார்த்தேன். ஆனால் அதன் பிறகு என் அறிக்கைகள் குறுகின. ‘பார்க்கவில்லை’ என்று ஒரு பகுதி சேர்ந்தது. அவரைவிட நீளமாக அந்தப் பகுதியை எழுதிக் காட்ட வேண்டும் என்ற போட்டியில் சேர்ந்ததுதான். போட்டிக்காகவாவது உண்மை எழுதுங்கள். கலனுக்குக் காரணம் தெரியாது.

நான் ஓய்வு பெற்றபோது கெலாங் பாத்தாவில் ஒரு மீன் உணவகத்தில் விருந்து வைத்தார்கள். ஏற்புரையில் இந்தக் கதையைத்தான் சொன்னேன். பொறாமையைக் கொஞ்சம் குறைத்து, தைரியத்தைக் கொஞ்சம் ஏற்றி. சாரம் விறுவிறுவென்று ஏறிய இடத்தில் குரல் தழுதழுத்தது. கை தட்டினார்கள். பத்மாவும் தட்டினார்.

கை கழுவப் போன இடத்தில் ஆறுமுகம் நின்றிருந்தார்.

“பேச்சு டாப்பு சார். ஒரே ஒரு திருத்தம். மீட்டிங் நாலு மணிக்கு. மேடம் எனக்கு ஃபோன் அடிச்சது ஒன்றரைக்கு.”

“எந்த மேடம்?”

“பத்மா மேடம்தான். ‘தொப்பைக்குத் தெக்கால சாரம் போடுங்க, சார் நாலு மணிக்கு மீட்டிங்ல சொல்லுவார், அப்புறம் கட்டுனா நேரம் பத்தாது’ன்னாங்க. சாரம் போட அவங்க கையெழுத்து போதும்ல. தகட்டைப் பிரிக்கத்தானே மீட்டிங்.”

குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. “நான் சொல்லாம விட்டிருந்தா?”

“நானும் கேட்டேன் சார். ‘சொல்லுவார்’னு ஃபோன வெச்சுட்டாங்க.”

கையைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

“இதை ஏன் இத்தனை வருஷமா என்கிட்ட சொல்லல, ஆறுமுகம்?”

“அட, நீங்க மீட்டிங்குக்குப் போறப்ப எங்க கம்பியத் தாண்டித்தானே சார் போனீங்க? மேல ஆளுங்க வேற கட்டிக்கிட்டு இருந்தாங்க,” என்று துண்டை எடுத்து நீட்டினார். “இன்ஸ்பெக்டர் ஆச்சே, பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்.”